கீறல் முந்தியதா, முலாம் முந்தியதா? – பழைய இராணுவச் சின்னங்களின் மெருகை மதிப்பிடுவது எப்படி?

ஹவுன்ஸ்லோ மேற்கு நிலக்கீழ் புகையிரத நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் எம்மவர்களில் எத்தனை பேர் அந்நிலையத்தின் பழைய பெயரை அறிவர்? 1884 ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டபோது அதற்கு இடப்பட்ட பெயர் 'ஹவுன்ஸ்லோ பரக்ஸ்', அதாவது ஹவுன்ஸ்லோ படைமுகாம் என்பதாகும். 1925 ஆம் ஆண்டு டிசம்பரிலேயே இன்றைய பெயர் சூட்டப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியினால் ஐரோப்பா கலங்கியிருந்த 1793 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குதிரைப்படை முகாமே அப்பழைய பெயருக்குக் காரணம். பின்னாளில் றோயல் பியூசிலியர்ஸ் என்னும் புகழ்பெற்ற காலாட்படைப் பிரிவு அம்முகாமை நீண்டகாலம் தனது தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அண்மைய ஆண்டுகளில் இராணுவம் அங்கிருந்து வெளியேறிவிட்டது. அந்நிலம் இப்பொழுது குடியிருப்புகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது.

படையினர் போய்விட்டாலும் அவர்களுடைய தொப்பிச் சின்னங்கள் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. பழைய வீடுகளின் மேசை இழுப்பறைகளிலும், தருமக் கடைகளின் கண்ணாடித் தட்டுகளிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களின் பின்பெட்டியைத் திறந்து வைத்து நடத்தப்படும் சந்தைகளிலும் அவை தலைகாட்டிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் உண்மையானவையும் உண்டு, போலிகளும் உண்டு. உண்மையான சின்னத்தின் மேலே பிற்காலத்தில் பொய்யாகப் பூசப்பட்ட மெருகைக் கொண்டவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகையே ஆளை ஏமாற்றுவதில் முதலிடம் பெறுவது.

இரண்டு சின்னங்கள், ஒரு துண்டு பழப்புளி

ஹவுன்ஸ்லோவில் வசிக்கும் எனது நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். சாப்பாட்டு மேசையிலே ஒரு பழைய செய்தித்தாளின் மீது இரண்டு சின்னங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று பொன்னிறத்தில் பளபளத்தது. தீச்சுவாலை எழும் கைக்குண்டின் வடிவம். அதன் உருண்டையிலே முடியும் ரோசாமலரும். அது றோயல் பியூசிலியர்ஸின் சின்னம். பாடசாலையில் நடைபெறும் போர் நினைவுநாள் கண்காட்சிக்காக நண்பரின் மகன் சந்தையொன்றில் தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கியது.

மற்றையது மங்கிய பழுப்பு நிறம் கொண்டது. எட்டு முனை நட்சத்திரம், உச்சியிலே முடி, நடுவிலே அரசரின் பெயரெழுத்துக்கள், கீழே 'றோயல் ஆமி சேர்விஸ் கோர்ப்ஸ்' என்ற சுருள்பட்டி. இரண்டாம் உலகப்போரின்போது இலங்கையர் பலர் பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்து, பொறியியல் முதலிய பிரிவுகளிலே சேர்ந்து மத்தியகிழக்கு வரை சென்று பணிபுரிந்தனர். நண்பரின் தாயாருடைய தந்தையும் அவ்வாறு சென்று மீண்டவர் என்பது அக்குடும்பத்தின் நினைவு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே வெளியேறியபோது அந்த முதியவரின் புகைப்படமும் கடதாசிகளும் வீட்டோடு போய்விட்டன. தாயாரின் சேலைத்தலைப்பில் முடியப்பட்டிருந்த இச்சின்னம் மட்டும் தப்பியது.

சந்தையிலே அதனையும் வியாபாரியிடம் காட்டியிருக்கிறான் பையன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "முகம் மழுங்கியிருக்கிறது, இது பிற்காலத்துப் பிரதி" என்று கூறி, சில்லறைக் காசுக்குக் கேட்டாராம். பையன் கொடுக்கவில்லை. ஆனால் அன்று முதல் வீட்டிலே ஒரு சந்தேகம் குடிபுகுந்துவிட்டது. ஐயா அணிந்தது உண்மையில் இதுதானா? அல்லது ஊர் திரும்பிய பின் எங்கோ வாங்கி வைத்ததா?

"தம்பி, கொஞ்சம் பழப்புளி போட்டு மினுக்கினால் எல்லாம் தெரிஞ்சிடும். குத்துவிளக்கு மினுக்கிற கைதானே" என்றார் தாயார். கிண்ணத்திலே புளியும் கரைத்து ஆயத்தமாயிருந்தது. "அம்மா, அதை மட்டும் செய்யாதேங்கோ" என்று நான் பதறியதைக் கண்டு அவருக்குச் சற்று மனத்தாங்கல். ஏன் பதறினேன் என்பதை விளக்குவதற்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. அதனையே இங்கு வாசகர்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

சின்னம் பிறக்கும் விதம்

பிரித்தானிய இராணுவத்தின் சாதாரணப் படைவீரருக்கு வழங்கப்பட்ட தொப்பிச் சின்னம் பெரும்பாலும் செம்பு மிகுதியாகவும் நாகம் சிறிதளவாகவும் கலந்த ஒருவகைப் பித்தளைத் தகட்டினால் ஆனது. பொறிக்கப்பட்ட உருக்கு அச்சுகளுக்கிடையே தகட்டை வைத்து அழுத்த, உருவம் முன்புறம் புடைத்தெழும். பின்புறம் அதே உருவம் குழிவாகத் தோன்றும். பேர்மிங்ஹாமிலும் இலண்டனிலும் இருந்த தொழிலகங்கள் இவற்றை இலட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின. ஓரங்கள் வெட்டப்பட்டபின், தொப்பியிலே பொருத்துவதற்கான பகுதி பின்புறம் பற்றவைக்கப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது இரண்டு வளையங்களாக இருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து படைவீரர்களின் சின்னங்களுக்குத் தொப்பித் துணியின் பிளவிலே செருகக்கூடிய நீண்ட தகடு பரவலாயிற்று. அதிகாரிகளின் சின்னங்களிலே பொதுவாக வளையங்களே தொடர்ந்தன. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று, பின்னர் உதவும்.

இவ்வாறு உருவாகிய உலோகத்தின் மேற்பரப்புக்கு இறுதியாகக் கொடுக்கப்படும் நிலையையே இங்கு மெருகு என்கிறோம். அது ஒரே வகையாக இருந்ததில்லை. படைவீரரின் பித்தளைச் சின்னத்துக்குப் பூச்சு எதுவுமில்லை. வெற்று உலோகமே அதன் மெருகு. சில பிரிவுகளிலே பித்தளையுடன், செம்பு, நிக்கல், நாகம் ஆகியன கலந்த வெள்ளுலோகமும் சேர்த்து இருநிறமாகச் செய்யப்பட்டது. அதிகாரிகளுக்குப் பொன்முலாமும் வெள்ளியும். 1902 ஆம் ஆண்டு காக்கி நிறச் சேவை உடை அறிமுகமானபின், அவ்வுடைக்கென அதிகாரிகளின் சின்னங்கள் இரசாயன முறையால் கருஞ்செம்பழுப்பு நிறம் ஊட்டப்பட்டன. றைபிள் படைப்பிரிவுகளோ கறுப்பு மெருகையே தமது மரபாகக் கொண்டிருந்தன.

போர்க்காலங்கள் இவ்வொழுங்கைக் குலைத்தன. முதலாம் உலகப்போரில், 1916 ஆம் ஆண்டளவில், இருநிறச் சின்னங்கள் பலவும் சிக்கனம் கருதித் தனிப் பித்தளையிலேயே அடிக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் நடுப்பகுதியில் உலோகம் குண்டுகளுக்கும் விமானங்களுக்கும் தேவைப்பட்டதால் பழுப்பு, சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சின்னங்கள் வழங்கப்பட்டன. 1950களிலே பொன்னிறச் சாயமூட்டப்பட்ட அலுமினியம் வந்து சேர்ந்தது. மினுக்கத் தேவையில்லாத அந்த உலோகம் படைவீரருக்கு வரப்பிரசாதமாயிற்று. இன்று பழைய சின்னங்களை ஆராய்வோருக்கோ அதன் இலேசான எடையே முதல் அடையாளம்.

காலமும் மெருகும் பொருந்துகின்றனவா?

ஆகவே முதற்கேள்வி, சின்னத்தின் காலமும் அதன் மெருகின் காலமும் ஒத்துப்போகின்றனவா என்பதே.

சின்னத்தின் காலத்தை முடி சொல்லும். விக்டோரியா மகாராணியார் 1901 இல் மறைந்தபின் வந்த மன்னர்களின் காலத்தில், 1953 வரை, 'ரியூடர்' முடி வழங்கியது. அதன் வளைவுகள் உச்சியிலே குவிந்து உருண்டிருக்கும். எலிசபெத் மகாராணியார் முடிசூடிய 1953 முதல் 'புனித எட்வேட்' முடி வந்தது. அதன் வளைவுகள் நடுவிலே தாழ்ந்திருக்கும். எனினும் ஓர் எச்சரிக்கை: 2022 இல் அரியணையேறிய மூன்றாம் சாள்ஸ் மன்னர் மீண்டும் ரியூடர் முடியையே தெரிந்தெடுத்துள்ளார். எனவே உருண்ட முடியைக் கண்டவுடன் பழையது என்று முடிவு கட்டுதல் இனிமேல் இயலாது.

படைப்பிரிவின் பெயரும் காலத்தைச் சொல்லும். 'ஆமி சேர்விஸ் கோர்ப்ஸ்' 1918 இலேதான் 'றோயல்' என்ற அடையைப் பெற்றது. 1965 இல் அப்பெயரே மறைந்தது. 1685 இல் இலண்டன் கோட்டையிலே தொடங்கப்பட்ட றோயல் பியூசிலியர்ஸ் 1968 இல் ஏனைய பியூசிலியர் பிரிவுகளோடு இணைக்கப்பட்டது. எமது நாட்டின் பழைய படைச்சின்னங்களைப் பார்ப்போருக்கும் இவ்வாறான எல்லைக்கோடு ஒன்றுண்டு. 1972 மே 22 இல் இலங்கை குடியரசான பின்னரே அவற்றிலிருந்து முடி நீங்கியது.

மெருகுக்கும் வரலாறு உண்டு. முற்காலத்தில் பொன்னைப் பாதரசத்திலே கரைத்துப் பூசி, நெருப்பிலே காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினர். அந்த ஆவி பல தொழிலாளரின் உடல்நலத்தைக் குடித்தது. 1840 இல் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றபின் பழைய முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. குரோமியப் பூச்சு வணிக அளவில் பரவியதோ 1920களின் நடுப்பகுதிக்குப் பின்னரே. எனவே விக்டோரியா காலத்து முடியைத் தாங்கிய சின்னமொன்று குரோமியத்தின் நீலங்கலந்த வெண்மையோடு பளபளக்குமாயின், சின்னம் மெய்யாயிருக்கலாம்; மெருகு மெய்யாயிருக்க முடியாது.

அடிப்படை விதி

காலம் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. ஒரே காலத்துக்குரிய பித்தளைக்குப் பத்தாண்டுகள் கழித்தும் பொன்முலாம் பூசலாம்; ஐம்பதாண்டுகள் கழித்தும் பூசலாம். அங்கே உதவுவது ஒரேயொரு கேள்வி: கீறல் முந்தியதா, முலாம் முந்தியதா?

சின்னத்தின் மேல் முதலில் மெருகு இடப்படுகிறது; அதன்பின்னரே அது உலகத்துக்கு வருகிறது. தேய்வும் கீறலும் நசுங்கலும் களிம்பும் யாவும் அதற்குப் பின் வருபவை. ஆகவே தொடக்கத்து முலாமாயின் கீறல் அதனை ஊடறுத்துச் சென்று அடியிலுள்ள உலோகத்தைக் காட்டும். புடைத்த இடங்களிலே முலாம் தேய்ந்து பித்தளை தெரியும். தாழ்ந்த இடங்களிலே முலாம் எஞ்சியிருக்கும். இதற்கு மாறாக, கீறலின் அடிப்பள்ளமும் பொன்னாக மின்னுமாயின், மழுங்கிய மூக்கின் மேலும் முலாம் சிதையாமல் படர்ந்திருக்குமாயின், தேய்வு முந்தியது, முலாம் பிந்தியது. இதற்கு எந்த இரசாயனமும் வேண்டாம். யன்னலோரத்துப் பகல் வெளிச்சமும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் போதும். வெளிச்சம் சரிவாக விழும்படி சின்னத்தை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும்.

பின்புறத்தைப் பார்க்காமல் தீர்ப்புக் கூறலாகாது. முன்புறத்தை யாரும் மினுக்குவர். பின்புறத்தைத் தீண்டுவோர் சிலரே. பல பத்தாண்டுகள் கிடந்த பித்தளையின் முதுகிலே ஆழ்ந்த பழுப்பு படிந்திருக்கும். செருகுதகடும் அதே நிறத்தை அடைந்திருத்தல் வேண்டும். சின்னம் கறுத்திருக்கத் தகடு மட்டும் புதுமஞ்சளாக இருந்தால் அது பிற்காலத்தில் ஒட்டப்பட்டது. பற்றவைத்த இடத்தைச் சூழ முலாம் வெந்து நிறம் மாறியிருந்தால், முலாமிட்டபின் யாரோ அதனைப் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

கறுப்பும் பழுப்புமான மெருகுகளை மதிப்பிடுதல் சற்றுக் கடினமானது. இரசாயன முறையால் ஊட்டப்பட்ட நிறம் உலோகத்தின் தோலாகவே மாறிவிடும், மிக மெல்லியது, எழுத்துக்களின் கூர்மையை மறைக்காது. பிற்காலத்தில் வர்ணம் தீட்டப்பட்டதாயின், அது பள்ளங்களிலே தேங்கித் தடித்து நிற்கும். ஓரங்களிலே செதிலாக உரியும். இன்னொரு விபத்தும் உண்டு. பழுப்பாகவே இருக்கவேண்டிய அதிகாரியின் சின்னத்தை, அழுக்கென்று எண்ணிப் பிற்காலத்தவர் தேய்த்துப் பித்தளையாக்கிவிடுவர். எழுத்துக்களின் இடுக்குகளிலே எஞ்சியிருக்கும் பழுப்பு அந்த அறியாமையைக் காட்டிக்கொடுக்கும்.

மழுங்கல் இருவகை

வியாபாரி கூறிய மழுங்கலுக்கு இப்போது வருவோம். ஒரு சின்னம் இரண்டு காரணங்களால் மழுங்கித் தோன்றலாம். தேய்ந்த அச்சிலே அடிக்கப்பட்டதாகவோ, உண்மையான சின்னத்தை மண்ணிலோ வேறெதிலோ பதித்து அதன்மூலம் வார்க்கப்பட்டதாகவோ இருந்தால், மழுக்கம் எங்கும் ஒரேயளவாக இருக்கும். மேடும் பள்ளமும் ஒருங்கே கூர்மையிழந்திருக்கும். வார்ப்பாயின் மேற்பரப்பிலே ஊசிமுனை அளவான சிறு குழிகளும் காணப்படும். பின்புறத்தின் குழிவும் தெளிவாக இராது.

மினுக்கி மினுக்கித் தேய்ந்த சின்னத்தின் கதை வேறு. துணி தொடும் இடம் தேயும்; துணி தொடாத இடம் தேயாது. முனைகள் வழுவழுப்பாகியிருக்க, எழுத்துக்களின் அடிப்பகுதியும் மலரிதழ்களின் இடுக்குகளும் அடித்த நாளில் இருந்ததுபோலவே கூர்மையாக இருக்கும்.

பிரித்தானிய இராணுவத்தில் மினுக்குதல் என்பது ஒரு வேலையன்று, ஒழுக்கம். பொத்தான்களைத் துப்புரவாக்கும்போது சட்டைத்துணி கறைபடாதிருக்க, நடுவிலே பிளவுள்ள பித்தளைத் தகடொன்றைப் பொத்தான்களின் அடியிலே செருகிக்கொள்வர். அணிவகுப்பில் மங்கிய சின்னத்தோடு நின்றவனுக்குத் தண்டனை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இந்நாட்டு வீடுகளிலும் முகாம்களிலும் 'பிறாசோ' போன்ற திரவ மினுக்கிகள் புழங்கின. அவற்றிலுள்ள நுண்துகள் இடுக்குகளிலே தங்கிக் காய்ந்து, வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ இறுகிவிடும். அந்த இறுகிய படிவு ஒரு படைவீரனின் காலைப்பொழுதுகள் விட்டுச்சென்ற எச்சம்.

போலியான முதுமை

இதனை அறிந்த போலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கந்தகச் சேர்வையிலே தோய்த்துக் கறுப்பாக்குவர். ஈர மண்ணிலே புதைப்பர். தேயிலைச் சாயத்திலே ஊறவைப்பர். ஆயின் காலம் செய்கின்ற வேலையை ஓரிரவிலே செய்துவிட முடியாது. இயற்கையாகப் படிந்த நிறம் இடத்துக்கிடம் வேறுபடும்: விரல் பட்ட இடத்தில் ஒன்று, துணி உரசிய இடத்தில் ஒன்று, காற்றுப் புகாத இடுக்கில் இன்னொன்று. செயற்கைக் கறுப்போ எங்கும் ஒரே நிறமாக இருக்கும். அல்லது இருக்கவேண்டாத இடத்திலே அடர்ந்திருக்கும். செருகுதகட்டின் உரசற்பகுதியிலும் படர்ந்திருக்கும். தொப்பித் துணியிலே பல்லாயிரம் முறை உராய்ந்த தகடு அவ்வாறு இருக்க நியாயமில்லை.

இங்கே ஒரு நடுநிலையையும் பேணுதல் அவசியம். பிந்திய மெருகெல்லாம் மோசடி அல்ல. அதிகாரிகள் தமது சின்னங்களுக்கு மீண்டும் முலாமிடுவித்ததுண்டு. வாத்தியக் குழுவினருக்காகப் படைப்பிரிவுகளே வெள்ளைப் பூச்சிட்டதுமுண்டு. அவையும் அச்சின்னத்தின் வாழ்க்கையில் நிகழ்ந்தவையே. அண்மையில் பூசியதைத் தொடக்கத்திலிருந்தே உள்ளது என்று கூறி விற்பதே பொய்.

பழப்புளி செய்யும் தீங்கு

எமது வீடுகளில் குத்துவிளக்குக்கும் செம்புக்கும் பழப்புளியும் சாம்பலுமே மருந்து. விளக்கு நாள்தோறும் ஏற்றப்படுவது. அதன் ஒளியே அதன் பயன். ஆகையால் அது முறையே. சைவர்களாகிய நாம் செம்பிலே களிம்பு சேர்ந்திருப்பதை ஆன்மாவைப் பற்றிய மலத்துக்கு உவமையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். எனவே களிம்பு என்றாலே நீக்கப்படவேண்டியது என்ற எண்ணம் எம் கைகளில் ஊறிப்போயுள்ளது.

ஆனால் பழைய சின்னத்தின் மீதுள்ள பழுப்பு அதன் சாட்சி. புளியிலும் தேசிக்காயிலும் உள்ள அமிலம் அந்தப் படிவைக் கரைத்துவிடும். பித்தளையின் மேற்பரப்பிலுள்ள நாகத்தையும் ஓரளவு அரித்து, செம்பின் இளஞ்சிவப்பை வெளிக்கொணரும். இடுக்கிலே இறுகிய பழைய மினுக்கியும் கழுவுண்டு போகும். முலாமிருந்தால் அதன் எஞ்சிய துணுக்குகளும் சாம்பலின் உராய்விலே மறையும். பின்னர் எத்துணை திறமையான நிபுணரிடம் கொடுத்தாலும் அவர் காணக்கூடியது இன்று துலக்கிய ஒரு பித்தளைத் துண்டையே. கடதாசிகளை இழந்த குடும்பத்துக்கு எஞ்சியிருந்த ஒரே கடதாசியையும் தண்ணீரிலே அலம்பியதற்கு அது ஒப்பாகும்.

இரு சின்னங்களின் தீர்ப்பு

மறுநாட் காலை, வெளிச்சம் நன்றாக இருந்தபோது, இரண்டையும் யன்னலோரத்திலே வைத்துப் பார்த்தோம். கண்ணாடியைப் பையனிடமே கொடுத்தேன்.

முதலில் பொன்னிறக் கைக்குண்டு. அதன் பின்புறத்திலே செருகுதகடு இருந்தது. எனவே அது படைவீரருக்குரிய அமைப்பு. வெற்றுப் பித்தளையாக இருந்திருக்க வேண்டியது. முடி உருண்ட ரியூடர் வகை. பின்புறக் குழிவும் தெளிவாயிருந்தது. அடித்த சின்னம் உண்மையானதே என்று கொள்ள இடமுண்டு. ஆனால் ரோசாவின் இதழ்கள் ஏறக்குறையத் தேய்ந்திருந்தன. அத்தேய்வின் மேலே பொன்முலாம் சிறிதும் சிதையாமல் படர்ந்திருந்தது. சுவாலையிலே குறுக்காக ஓடிய ஒரு கீறலை உற்றுப் பார்த்த பையன், "மாமா, கீறலுக்குள்ளேயும் மின்னுது" என்றான். அதற்கு மேல் நான் சொல்ல எதுவுமிருக்கவில்லை.

அடுத்தது பாட்டனாரின் நட்சத்திரம். முனைகள் எட்டும் வழுவழுப்பாக இருந்தன. முடியின் மேற்பகுதி ஏறத்தாழ மொட்டை. ஆனால் பெயரெழுத்துக்களின் இடைவெளிகளும், சுருள்பட்டி எழுத்துக்களின் அடியும் கத்திமுனைபோல் இருந்தன. அவ்விடுக்குகளிலே பச்சையோடிய வெண்படிவு இறுகிக் கிடந்தது. முதுகு ஆழ்ந்த பழுப்பு. செருகுதகடும் அதே நிறம். ஆனால் தொப்பியில் உரசும் பகுதியில் மட்டும் நிறம் இளகி, தகடு இலேசாக வளைந்திருந்தது. எங்கும் முலாமில்லை, எங்கும் வர்ணமில்லை. வியாபாரி பிரதிக்குச் சான்றாகக் கொண்ட மழுக்கமே, அது நாளும் மினுக்கப்பட்டு அணியப்பட்டதற்குச் சான்றாக நின்றது.

"அப்படியென்றால் இது ஐயாவின்ரதானே?" என்று கேட்டார் தாயார்.

இவ்விடத்தில் உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. மெருகு, பொருளின் வரலாற்றைச் சொல்லும். உடையவரின் பெயரைச் சொல்லாது. சில வீரர்கள் தமது இலக்கத்தைப் பின்புறத்திலே கீறி வைப்பதுண்டு. இதில் அவ்வாறு எதுவுமில்லை. அக்காலத்துக்குரிய சின்னம், தொடக்கத்து மெருகோடு, யாரோ ஒருவரால் நெடுநாள் அணியப்பட்டு நெடுநாள் மினுக்கப்பட்டது என்பது மட்டும் உறுதி. அந்த யாரோ ஒருவர் இவருடைய ஐயாதான் என்பதற்குக் குடும்பத்தின் சொல்லே சான்று. சின்னம் அந்தச் சொல்லை மறுக்கவில்லை. அது சொல்லக்கூடியது அவ்வளவே.

தாயார் சிறிதுநேரம் பேசாமலிருந்தார். பின்னர், "ஐயா விடிய எழும்பி, முதல் வேலையா செருப்பைத் துடைப்பார். வயசு போயும் விடேல்லை" என்றார். அது எந்த நூலிலும் இல்லாத சான்று. அன்றே அதனை எழுதி வைக்கும்படி பையனிடம் கூறினேன்.

வாசகர்கள் கவனத்துக்கு

எம்மவர் இல்லங்கள் பலவற்றிலே இவ்வாறான பொருட்கள் இருக்கக்கூடும். பிரித்தானிய ஆட்சிக்காலத்திலே படையிலும் பொலிஸிலும் புகையிரதத்திலும் தபாலிலும் பணிபுரிந்தோரின் பொத்தான்கள், பதக்கங்கள், சின்னங்கள் ஆகியன அவை. அவற்றை வைத்திருப்போர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

மினுக்க வேண்டாம், புளி, தேசிக்காய், திரவ மினுக்கி எதுவும் வேண்டாம். தூசியை மென்மையான தூரிகையால் மட்டும் தட்டிவிடலாம். வியர்வையிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்குமாதலால் ஓரங்களைப் பிடித்துத் தூக்கவேண்டும். பருத்திக் கையுறை மேலும் நன்று. அமிலமற்ற தாளிலே சுற்றி உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். மலிவான பீ.வீ.சீ. உறைகளும் இறப்பரும் உலோகத்துக்குப் பகை. காலப்போக்கில் பச்சை நிறக் கசிவை உண்டாக்கும். இளம்பச்சைத் தூள் புதிதாகப் பொரிந்து பரவுமாயின் அது பழமையின் அழகன்று, நோய். உலோகப் பாதுகாப்பில் தேர்ந்தவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு இலண்டன் கோட்டையினுள்ளே றோயல் பியூசிலியர்ஸின் அருங்காட்சியகமும், செல்சியில் தேசிய இராணுவ அருங்காட்சியகமும் உள்ளன. ஹவுன்ஸ்லோவுக்கு அண்மையிலுள்ள கியூவில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சிடமிருந்த இராணுவச் சேவைப் பதிவேடுகள் 2022 முதல் அங்கு மாற்றப்பட்டு வருகின்றன. சின்னம் சொல்லாத பெயரைச் சில வேளைகளிலே ஏடு சொல்லக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளோடு சேர்த்து அதன் கதையையும் எழுதி வையுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கைமாறி யாரிடம் வந்தது என்பதை அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். உலோகம் இன்னும் நூறாண்டு கிடக்கும். நினைவு அவ்வளவு காலம் கிடக்காது.

கண்காட்சிக்கு நண்பரின் மகன் இரண்டு சின்னங்களையும் கொண்டுசென்றான். பளபளத்ததன் கீழே 'பிற்காலத்து முலாம்' என்றும், மங்கியதன் கீழே 'எனது பூட்டனார் அணிந்தது என எங்கள் குடும்பத்தார் கூறுவது. தொடக்கத்து மெருகு' என்றும் தன் கையாலேயே எழுதி வைத்தான். கரைத்த பழப்புளி அன்றிரவு இரசமாயிற்று.